ஒரே பெட்டியில் இரண்டு முள்ளெலிகள்

எர்மெலிந்தா தபால் நிலையத்தில் முப்பது வருடம் முத்திரை குத்தியவள். ஓய்வு பெற்றதும் வீட்டுக் கார் கொட்டகையை, அடிபட்டும் இளைத்தும் வரும் காட்டு முள்ளெலிகளுக்கு ஆஸ்பத்திரியாக்கிவிட்டாள். ஒரு பெட்டிக்கு ஒன்றுதான் என்பது அங்கே சட்டம். முள்ளெலி தனிக்காட்டு ராஜா. துணை சேர்த்தால் கடித்துக்கொள்ளும், நோயும் தொற்றும். போன வருடம் பக்கத்து வீட்டு ஓர்னெல்லாவின் மகள் தெரியாத்தனமாக இரண்டை ஒன்றாக விட்டதற்கு, எர்மெலிந்தா பேசிய பேச்சில் அந்தப் பெண் அழுதுகொண்டே போனவள்தான், திரும்பி வரவில்லை.

அப்பேர்ப்பட்டவளே சட்டத்தை மீறினாள் என்பதுதான் கூத்து.

அக்டோபர் கடைசியில் மலைப்பக்கத்துத் திராட்சைத் தோட்டத்திலிருந்து ஒரு குட்டி வந்தது. நோச்சே என்று பெயர் வைத்தாள். மூன்று நாளாக அது வாயைத் திறக்கவில்லை. ஆற்றங்கரையிலிருந்து வந்திருந்த பேப்பே என்ற முள்ளெலி சரியான சாப்பாட்டு ராமன். அது தின்பதைப் பார்த்தாவது தின்னட்டுமே என்று நோச்சேயை அதன் பெட்டியில் விட்டாள். தின்றது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மறுநாள், டூரின் ஆய்வுக்கூடத்தில் வைரஸ்களை ஆராயும் ஃபியோரென்சோவுக்கு முள்ளெலிகளின் புழுக்கையை அனுப்பும் நாள். அந்தப் பெட்டியில் கிடந்தது எதனுடையது என்று யாருக்குத் தெரியும்? ஒரு சோதனைக் குழாயில் அள்ளிப் போட்டு, மேலே "நோச்சே" என்று எழுதினாள். கை கொஞ்சம் கூசியது. ஒரு குழாய்தானே என்று மூடிவிட்டாள்.

பிப்ரவரியில் ஒரு மத்தியானம் ஃபியோரென்சோ மடிக்கணினியோடு ஓடிவந்தான். ஓர்னெல்லாவும் அங்கேதான் காபி குடித்துக்கொண்டிருந்தாள்.

"எர்மெலிந்தா சிஞ்ஞோரா, முதல்ல உக்காருங்க. விழுந்துடப் போறீங்க."

"யாருக்குக் கல்யாணம், டாக்டர்?" என்றாள் ஓர்னெல்லா.

"அதவிடப் பெரிசு! மலைப்பக்கத்து முள்ளெலிங்ககிட்ட ஒரு வகை கொரோனா வைரஸ், ஆத்தங்கரையில இன்னொரு வகை. நடுவுல பெரிய ரோடு இருக்கு, ரெண்டும் சந்திக்கவே சந்திக்காதுன்னு நெனச்சோம். ஆனா நோச்சேகிட்ட இருந்தது, முன்பாதி மலை, பின்பாதி ஆறு! ஒரே உடம்புல ரெண்டும் கலந்து புதுசா ஒண்ணு பொறந்திருக்கு. பரிணாமத்தைக் கையும் களவுமா புடிச்சிட்டோம்!"

"வைரஸுக்கும் கலப்புக் கல்யாணமா! ஏய் எர்மெலிந்தா, கேக்கை வெட்டுடி."

"திங்கக்கிழமை பத்திரிகைக்குக் கட்டுரை போகுது. முதல் நன்றியே உங்களுக்குத்தான், சிஞ்ஞோரா."

ஹேசல்நட் கேக்கின் மேல் வைத்த கத்தி அப்படியே நின்றது. ஆய்வுக்கூடத்து இயந்திரம் இரண்டு வைரஸையும் எப்படி ஒன்றாக ஒட்டிப் படித்ததோ, அவளுக்குத் தெரியாது. ஆனால் கலந்தது உடம்புக்குள் அல்ல, குழாய்க்குள் என்று அவளுக்குத்தான் தெரியும். முகம் காதுவரை கொதித்தது. பேசாமல் இருந்துவிடலாம், நோச்சேயும் பேப்பேயும் சாட்சி சொல்லப் போவதில்லை. அப்படி ஒரு நினைப்பு வந்ததே அவளுக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

"டாக்டர், அது நோச்சேயோடது மட்டும் இல்ல," என்றாள் தலை நிமிராமல். "அன்னிக்கு ரெண்டையும் ஒரே பெட்டியில விட்டிருந்தேன். நான்தான் விட்டேன். தெரிஞ்சேதான் அந்தப் பேர எழுதினேன்."

ஓர்னெல்லா கோப்பையைக் கீழே வைத்தாள். "எம் பொண்ணு ரெண்டு நாள் சாப்பிடல, தெரியுமா உனக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

ஃபியோரென்சோ திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். திட்டுவான் என்று எர்மெலிந்தா காத்திருந்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

"மறுபடி ஒரு தடவை சோதிச்சுப் பாத்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்குமே, டாக்டர்?" என்றாள்.

"உங்கள மாதிரி முள்ளெலி பாக்குற மத்த பதினோரு இடத்துலேருந்து வந்ததை எல்லாம் ரெண்டு தடவை சோதிச்சேன், சிஞ்ஞோரா," என்றான் அவன் மெதுவாக. "நீங்க அனுப்பினதுக்கு மட்டும் அது தேவையில்லன்னு விட்டுட்டேன்."