சிவப்பு டேப் ஒட்டிய பெட்டி

1

இந்தக் கதை எங்கிருந்து கிளம்பியது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். என் தங்கையின் பழுதுபார்க்கும் கடையில், இரண்டாவது அலமாரியில், ஒரு பிளாஸ்டிக் பைக்குள் கிடக்கும் இரும்புப் பெட்டியிலிருந்து. கணினிக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. பவர் சப்ளை என்பார்கள். பதினொரு நாளாக அங்கேயே இருக்கிறது. தீய்ந்த வாடை இன்னும் போகவில்லை.

தங்கை பழுதுபார்த்துக் கொடுத்த பெட்டி அது. மூன்று வாரம் நன்றாக ஓடியது. பிறகு ஒருநாள் காலை தீப்பிடித்து, டைப்பிங் சென்டர் நடத்தும் ஒரு அம்மாவின் வலது உள்ளங்கையைச் சுட்டது. "என் கையை என்னாலயே நம்ப முடியலண்ணா" என்று ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயனைக் கீழே வைத்தவள், இன்னும் எடுக்கவில்லை. பதினாறு வருடமாகச் செத்த சர்க்யூட் பலகைகளுக்கு உயிர் கொடுத்தவள், வருகிற திங்கட்கிழமை ஒரு துணிக்கடையில் பில் போடப் போகிறாள். இன்று சனிக்கிழமை. நாளைக்குள் இந்தக் கதையை முடித்தாக வேண்டும். ஏன் என்பது கதைக்குள் வரும். வரவைக்க வேண்டும்.

அன்று மதியம் அவள் வெளியே போயிருந்தபோது நான்

(இந்த வாக்கியம் இப்படியே கிடக்கட்டும். எழுந்து போய் இரண்டு தடவை தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். நகரவில்லை.)

2

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்:

'அந்தப் பெட்டியைத் திறந்தவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை.'

அடித்துவிட்டேன். பவர் சப்ளையைத் திறந்தவர்கள் எல்லாரும் பத்திரமாகத் திரும்பி வந்து டீ குடித்திருக்கிறார்கள்.* அடுத்த தொடக்கம்:

'ஒரு பொருள் பழுதாவது ஒரு மனிதன் பழுதாவதைப் போன்றது.'

இதையும் அடித்தேன். இந்த மாதிரி எழுதினால் தங்கை பக்க ஓரத்தில் பென்சிலால் 'அப்படியா?' என்று எழுதுவாள். நான் எழுதுகிற எல்லாவற்றுக்கும் முதல் வாசகி அவள்தான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எனக்குத் தொடக்கம் சரியில்லை, நாற்காலி சரியில்லை, வெளிச்சம் சரியில்லை.

* உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரிடம் மட்டும் ஜாக்கிரதை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தை அடக்கி வைத்திருக்கும், தொட்டதும் காட்டும். என் மாமியாரைப் போல என்று எழுதி அடித்திருக்கிறேன்.

3

அவள் வேலை செய்யும் விதத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. செத்த பெட்டி வந்தால் முதலில் மூடியைக் கழற்றி முகர்ந்து பார்ப்பாள். பிறகு கண்ணால் தேடுவாள்: தலை உப்பிய கெப்பாசிட்டர் உண்டா, ஏதாவது கறுத்திருக்கிறதா. அப்புறம்தான் மின்சாரம் அளக்கும் மீட்டர். ஃபியூஸை மட்டும் மாற்றிக் கொடுத்து அனுப்புகிறவர்களைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஃபியூஸ் சும்மா சாகாதுண்ணா. எதுவோ முன்னாடியே செத்திருக்கும், அதனால இது செத்திருக்கும். அது எதுன்னு பாக்கணும்" என்பாள்.

மீட்டர் சொல்வதையும் உடனே நம்பமாட்டாள். பலகையில் இருக்கிற ஒரு பொருளை அப்படியே அளந்தால், பக்கத்தில் இருக்கிறவையும் சேர்ந்து பதில் சொல்லிவிடும். சந்தேகம் வந்தால் அதன் ஒரு காலை மட்டும் பலகையிலிருந்து தூக்கிவிட்டுத் தனியாக அளப்பாள்.

எல்லாம் மாற்றியான பிறகு கடைசியாகக் குண்டு பல்பு. சுவர் மின்சாரத்துக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு பழைய பல்பை மாட்டிப் பெட்டியை ஓடவிடுவாள். பல்பு ஒரு தடவை மின்னி மங்கினால் பெட்டி பிழைத்தது. முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே இன்னும் எங்கோ ஷார்ட். இந்தச் சோதனையின்போது ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துண்டுக் கம்பியைப் பற்றவைத்திருப்பாள். காவலுக்குத்தான் பல்பு இருக்கிறதே. ஆனால் அந்தக் கம்பியோடு பெட்டி வெளியே போனால் ஆபத்து: உள்ளே ஏதாவது ஷார்ட் ஆனால் தடுக்க ஆளில்லை, எரியும். அதனால் கம்பி இருக்கும்வரை பெட்டியின் மேல் ஒரு துண்டு சிவப்பு டேப் ஒட்டியிருக்கும். நிஜ ஃபியூஸைப் போட்ட பிறகுதான் அதை உரிப்பாள். பதினாறு வருடத்தில் இந்த வரிசை மாறியதில்லை.

இந்தப் பெட்டியைப் பழுதுபார்த்த அன்று மேஜையில் மூன்று பெட்டிகள். நடுவில் மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று. ஓடினாள். அரைமணி நேரம் கழித்து அவள் திரும்பியபோது இந்தப் பெட்டி மூடி போட்டு, டேப் இல்லாமல், வேலை முடிந்தவற்றின் அலமாரியில் இருந்தது. நாம்தான் முடித்துவிட்டுப் போயிருக்கிறோம் என்று நினைத்தாள். தன் டேப்பை நம்பினாள். கொடுத்துவிட்டாள்.

"திறக்கவே வேணாம். உள்ள கம்பி இருக்கும். கம்பியை எடுக்காம டேப்பை உரிச்சிருக்கேன்" என்கிறாள் இப்போது.

4

(இந்தப் பகுதியை எடுத்துவிட்டேன். இதில் டைப்பிங் சென்டர் அம்மா கடைவாசலில் நின்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். நல்ல வசவுகள், நானே ரசித்து எழுதியவை. ஆனால் அவர் கத்தவில்லை.)

நடந்தது இதுதான். கட்டுப் போட்ட கையோடு வந்தார். பையை மேஜைமேல் வைத்தார். "சண்டை போட வரலம்மா. என்ன ஆச்சுன்னு மட்டும் தெரிஞ்சா போதும். தெரியாம மறுபடி பிளக்கைச் சொருகவே பயமா இருக்கு" என்றார். இடது கையால் மட்டும் டைப் அடிப்பதால் ஒரு பக்கத்துக்கு நாற்பது நிமிடம் ஆகிறதாம். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அவரை ஏன் கத்தவைத்தேன்? அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபம். தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். அது அடுத்தவர் கையைச் சுட்டால் என்ன செய்வது என்று பழமொழி சொல்லவில்லை.

5

வியாழக்கிழமை இதன் பழைய வடிவத்தைத் தங்கையிடம் கொடுத்தேன். ஸ்க்ரூடிரைவர்களைத் துடைத்து ஒரு பிஸ்கட் டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நின்றபடியே படித்தாள்.

"அண்ணா, இதுல ஒருத்தன் சரியில்ல."

"யாரு?"

"அண்ணன்காரன். நான் ஓடினேன், அந்தம்மா வந்தாங்க, எல்லாம் இருக்கு. இவன் கடைக்குள்ளயேதான் இருக்கான். அரைமணி நேரம் என்ன பண்ணான்?"

"எழுதிட்டு இருந்தான். வேற என்ன பண்ணுவான்?"

"எங்க உக்காந்து? அன்னிக்கு மேஜையில கை வைக்க இடமில்ல."

"கதையில எல்லாத்தையும் சொல்லணுமா பாப்பா?"

(அவளுக்கு முப்பத்தெட்டு வயது. நான் கூப்பிடுவது பாப்பா என்றுதான்.)

"அது எனக்குத் தெரியாது. நீ அவனைப் போர்டுல வெச்சே அளந்திருக்க. என் அழுகையும் அந்தம்மா கையும்தான் அவன் கணக்குல வருது. ஒரு காலைத் தூக்கிப் பாரு" என்று காகிதங்களைத் திருப்பிக் கொடுத்தாள். முகத்தைப் பார்த்தேன். தெரிந்து சொன்னாளா, வழக்கம்போல் கதையைத்தான் சொன்னாளா என்று இப்போதும் எனக்குப் புரியவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். அதன் கணிப்பை நம்ப முடியாது.

6

தூக்குகிறேன்.

அன்று மதியம் அவள் வெளியே போயிருந்தபோது நான் அவளுடைய மேஜையில் எழுத உட்கார்ந்தேன். நோட்டை விரிக்க இடமில்லை. இந்தப் பெட்டியின் மூடி ஒரு பக்கம், திருகுகள் ஒரு பக்கம். எரிச்சல் வந்தது. மூடியை எடுத்துப் பெட்டியில் பொருத்தி, நான்கு திருகையும் முடுக்கினேன். காலியாகத் தெரிந்த அலமாரியில் கொண்டுபோய் வைத்தேன். தூக்கும்போது சிவப்பு டேப் என் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.

டேப் எதற்கு என்று எனக்குத் தெரியும். 'சிவப்பு டேப்: முடியாத வேலை. நல்ல விவரம், எங்காவது பயன்படுத்தலாம்' என்று அதற்கும் ஒரு மாதத்துக்கு முன்பே நோட்டில் எழுதி வைத்தவன் நான். எழுதியதோடு சரி. உரிந்து வந்த டேப்பை அதே நோட்டில், பக்கத்துக்கு அடையாளமாக ஒட்டிக்கொண்டேன். அவள் வந்தாள். நான் தலை நிமிரவில்லை. ஒரு வாக்கியம் நன்றாக வந்துகொண்டிருந்தது.*

பதினொரு நாளாக அவள் தன் கையைத் திட்டுகிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "விடு பாப்பா, யாருக்கும் நடக்கிறதுதானே" என்று ஆறுதல் சொன்னேன். டேப்பை உரித்ததைவிட அந்த ஆறுதலை நினைத்தால்தான் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

 * என்ன வாக்கியம் என்று கேட்காதீர்கள். மறுநாளே அடித்துவிட்டேன்.

7

முடிவுகள்.

(அ) பெட்டியைத் திறக்கிறாள். கம்பி இல்லை. ஒரு கரப்பான்பூச்சி குறுக்கே விழுந்து ஷார்ட் ஆகியிருக்கிறது. எல்லாரும் நல்லவர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற முடிவு.

(ஆ) உண்மையைச் சொல்கிறேன். "போடா லூசு" என்று சிரித்துவிடுகிறாள். பாதி எழுதும்போதே கூச்சமாகிவிட்டது. எனக்கான மன்னிப்பை நானே எழுதிக்கொள்வதா?

(இ) இது காகிதத்தோடு நிற்கவில்லை. நேற்று காலை அவள் துணிக்கடைச் சீருடைக்கு அளவு கொடுக்கப் போயிருந்தாள். பெட்டியை எடுத்தேன். கம்பியை நீக்கி, அங்கே ஒரு செத்த ஃபியூஸை வைத்துவிட்டால் போதும். அவள் திறப்பாள், பார்ப்பாள், தன் கை சரியாகத்தான் வேலை செய்தது என்று நம்புவாள், திங்கட்கிழமை கடையைத் திறப்பாள். நானும் தப்புவேன். இரண்டு திருகைக் கழற்றினேன். மூன்றாவதில் ஸ்க்ரூடிரைவரை வைத்தபோது கட்டுப் போட்ட அந்தக் கை ஞாபகம் வந்தது. என்ன ஆச்சு என்று கேட்டவருக்கு, என் பொய்யைத்தான் தங்கை நம்பிக்கையோடு சொல்லுவாள். இன்னொரு தடவை, அவள் இல்லாத நேரத்தில், அவள் மேஜையில் கைவைக்க என்னால் முடியவில்லை. பெட்டியைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

ஆக, முடிவு என்னிடம் இல்லை. வாசகரே, இவ்வளவு நேரம் கூடவே வந்தீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், கடைசிப் பத்தி உங்களுக்கில்லை. இதை அச்செடுத்து, அவளுடைய மீட்டருக்கு அடியில் வைத்துவிட்டு வாசலில் போய் உட்காரப் போகிறேன்.

பாப்பா, டேப்பை உரித்தது உன் கை இல்லை. இந்தப் பக்கத்தின் அடியில் ஒட்டியிருக்கிறேன், பார். பெட்டியில் இரண்டு திருகு ஏற்கெனவே கழன்றிருக்கும், அதுவும் நான்தான். டைப்பிங் சென்டர் அம்மாவிடம் நானே போய்ச் சொல்கிறேன், நீ வேண்டாம் என்றாலும். மீதி இரண்டு திருகையும் நீ கழற்றலாம். பையோடு அப்படியே வைத்துவிட்டு, திங்கட்கிழமை துணிக்கடைக்குப் போகவும் செய்யலாம். நான் வாசலில்தான் இருக்கிறேன். மேஜையில் திருகு விழுகிற சத்தம் கேட்டால் உள்ளே வருகிறேன்.