அன்னாசித் தோல்

சரணாலயத்தில் நாள் முழுக்கச் சுற்றினாலும் சில பேருக்குக் குரங்கைத் தவிர ஒன்றும் கண்ணில் படாது. ஆனால் என் கொழுந்தன் வேல்முருகனின் ஜீப்பில் ஏறினால் யானை உறுதி. அதை அவன் ஜீப் கண்ணாடியிலேயே எழுதி ஒட்டியிருந்தான். தேவிகுளத்தில் வந்து இறங்குகிற வெளியூர்க்காரர்கள் அவனைத்தான் தேடினார்கள். எனக்கோ அவனைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

யானை வந்து நிற்கும் இடம் எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளுக்குக் கீழே, ஓடைக்கரை. என் மகள் ஆர்த்தி பஸ்ஸை விட்டிறங்கி மேலே ஏறி வருகிற ஒற்றையடிப் பாதையும் அதுதான். போன வாரம் அவள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கொம்பன் யானை குறுக்கே நின்றது. பிள்ளை தேயிலைச் செடிகளுக்குள் குப்புறப் படுத்துக் கிடந்திருக்கிறாள். ஜீப்பில் இருந்தவர்கள் போனைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தார்களாம். சொந்தச் சித்தப்பனும் அந்த ஜீப்பில்தான் இருந்தான். பாவி, ஒரு குரல்கூடக் கொடுக்கவில்லை.

மறுநாள் காலை அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். அன்னாசித் தோலும் பலாச் சக்கையும் குவிந்து கிடந்தன. எல்லாம் ரோட்டோரத்தில் அவன் பெண்டாட்டி சோனா நடத்தும் ஜூஸ் கடையின் கழிவு. யானை தானாக வரவில்லை. பந்தி போட்டு அழைத்திருக்கிறான்.

நேரே அவன் வீட்டுக்குப் போனேன்.

"ஏலே, ஆனைக்குத் தீனி போட எங்க வாசல்தான் கெடச்சுதா? அண்ணன் மகளுங்கிற நெனப்பு கொஞ்சமாச்சும் இருக்கா ஒனக்கு?"

ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஆனை வந்தாத்தான் மதினி எங்களுக்குச் சோறு. ஆர்த்திய வேற வழியா வரச் சொல்லுங்க."

வேறு வழி கிடையாது என்பது அங்கேயே பிறந்து வளர்ந்த அவனுக்குத் தெரியாதா?

அடுத்த நாள் ஆர்த்தியைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. நானும் கொழுந்து கிள்ளப் போகவில்லை. மத்தியானம் அவன் வந்து கழிவைக் கொட்டிவிட்டுப் போனதும் அத்தனையையும் சாக்கில் அள்ளினேன். ஓடையை ஒட்டியே இறங்கினால் அவன் வீடு வந்துவிடும். வழிநெடுகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிந்திக்கொண்டே போனேன். அவன் சாப்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தான். குறட்டை வெளியே கேட்டது. மிச்சத்தை அவன் வாசற்படியிலேயே கவிழ்த்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் ஆர்த்தியும் நானும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. வேல்முருகன்தான். ஆர்த்திக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"மதினி, ஆனை வாசல்ல நிக்குது! ஜீப்பக் கவுத்துப் போட்டுட்டு கதவ முட்டுது. ரோட்டுல நிக்கிறவனுவ படம் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கானுவ. அண்ணன ஆளுங்களோட வரச் சொல்லுங்க மதினி!"

ஆர்த்தி என் முகத்தையே பார்த்தாள்.

"வேற வழியா வெளிய வா" என்றேன்.