மரத்தில் தொங்கும் தே

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் சாயங்காலம் செல்வா இரண்டு தே ஐஸ் புங்குஸோடு, பையில் கட்டிக் கொடுக்கும் ஐஸ் தேநீரோடு, வந்தான். பிளாஸ்டிக் பை, பையின் வாயில் சிவப்பு ரஃபியா கயிறு. அவன் அக்கா மலர் இறந்து எட்டு மாதம். கிறிஸ்துமஸ் மரத்தில் ஒரு பை தே மாட்டும் அவள் வழக்கத்தை அவன் மறக்கவில்லை.

"மச்சான், ஒண்ணு மரத்துக்கு. ஒண்ணு எனக்கு."

மலரின் கணவன் ரூபேந்திரன் வாங்கிக்கொண்டான். இந்த வருடம் மரமே வேண்டாம் என்றிருந்தான். ஆறு வயது மகள் ஜோவிதா அந்த மூன்றடிப் பிளாஸ்டிக் மரத்தைத் தானே இழுத்து வந்து நிறுத்திவிட்டாள். பையை மாட்டப் போனவனைத் தடுத்தாள்.

"கதை சொல்லிட்டுத்தான் மாட்டணும். அம்மா அப்படித்தான் செய்வாங்க. கதை இல்லாட்டி மரமும் வேணாம். உள்ள வச்சிடுங்க."

மலர் கதை சொல்லி அவன் கேட்டதில்லை. சிங்கப்பூர் வேலை முடிந்து, எல்லைப் பாலத்து நெரிசலைத் தாண்டி அவன் மலேசியப் பக்கம் ஸ்கூடாய் வீட்டுக்கு வந்து சேரும்போது பை மரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். அவனுக்குத் தெரிந்தது நடந்தது மட்டும்தான். அதைச் சொன்னான்.

கல்யாணமான முதல் கிறிஸ்துமஸ். வீட்டில் மேசைகூட இல்லை. தே வாங்கி வந்தான். வாசலிலேயே ஆபீஸ் போன். பையை மரத்தில் மாட்டிவிட்டு நாற்பது நிமிடம் பேசினான். மரம் சாய்ந்தது. சர்ச் பூசைக்கு எடுத்து வைத்திருந்த வெள்ளைப் புடவை முழுக்கத் தே. மலர் இரண்டு நாள் பேசவில்லை. அடுத்த வருடம் அவளே ஒரு பையை வாங்கி மாட்டி, "போன் வந்தா பேசுங்க, நான் மாட்டிட்டேன்" என்றாள்.

"தப்பு" என்றாள் ஜோவிதா. "அப்பா ரெண்டு கையிலயும் சாமான் தூக்கிட்டு வந்தாரு. அம்மா புதுப் புடவையோட கதவத் திறந்தாங்க. பார்த்ததும் அப்பாவுக்கு எல்லாம் மறந்துபோச்சு. பைய எங்க வைக்கிறதுன்னு தெரியாம மரத்துல மாட்டிட்டாரு."

"போன்?"

"போன்லாம் இல்லப்பா."

செல்வா ஸ்ட்ராவை வாயிலிருந்து எடுத்தான். "எதுதான் நிஜம் மச்சான்?"

ரூபேந்திரன் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தான்.

"உன் அக்கா சொன்னது."

"அப்ப முதல்லேருந்து சொல்லுங்க" என்றாள் ஜோவிதா.

சொன்னான். சாமான், கதவு, புடவை. ஓர் இடத்தில் அவள் திருத்தினாள். பிறகு பையை மாட்டினான். மரம் லேசாகச் சாய்ந்தது. சமையலறைக்குப் போய் ஒரு பேசின் பாத்திரத்தைக் கொண்டுவந்து அடியில் வைத்தான்.