பாம்புச்செவி தலையாட்டினால்

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், ஆபரேஷன் கருவிகளை ஆவியில் வேகவைத்துக் கிருமி நீக்கும் அறையில், அவருக்குப் பெயரே பாம்புச்செவி. இரும்புக் கதவின் ரப்பர் ஓரத்தில் மயிரிழை ஆவி கசிந்தாலும் அந்த 'உஸ்' சத்தத்தை முதலில் பிடிப்பவர் அவர்தான். காதுமூடி கொடுத்தால், "காத மூடிக்கிட்டா மெஷினு பேசுறது எப்படிக் கேக்கும்?" என்பார். இருபது வருஷமாகப் பம்புகளின் இரைச்சலை வெறுங்காதில் வாங்கியவருக்கு அந்த வீறாப்பே வினையாகிப் போனது.

அன்று காலை மாடியில் ஊழியர்களுக்குக் காதுப் பரிசோதனை. ரத்தமும் எடுத்தார்கள்.

"ஓயாத சத்தம் காதுக்குள்ள இருக்கிற நுண்ணிய செல்லுகள அரிச்சிடும் ஐயா. இரும்புல துரு ஏறுற மாதிரின்னு வச்சுக்குங்க" என்றாள் பரிசோதிக்கும் பெண். "அந்த அரிப்போட அடையாளம் ரத்தத்துல தெரியுதான்னு பாக்குறோம்."

"துருதானே? எண்ணெய் விட்டாப் போச்சு" என்று சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. "போனது திரும்பாது. இருக்கிறதத்தான் காப்பாத்த முடியும்."

சின்ன அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்ஃபோன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னாள். கனத்த சத்தங்கள் கேட்டன. கீச்சென்று மெல்லியதாக வர வேண்டியவை வரவேயில்லை. அவருக்குத் திக்கென்றது. தேறாவிட்டால் துணி மடிக்கும் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். பாம்புச்செவி என்ற பேரும் அதோடு சரி. அப்போதுதான் ஜன்னல் கண்ணாடி வழியே அவள் விரல் விசையை அழுத்துவது தெரிந்தது. விரல் அசைந்த போதெல்லாம் இவரும் அழுத்தினார். தேறிவிட்டார்.

"பாஸா மாமா?" என்றான் மச்சினன், மனைவியின் ஒரே தம்பி. "உங்களப் போய்க் கேக்கிறேன் பாருங்க!" அவனை இந்த வேலையில் சேர்த்துவிட்டதே இவர்தான். "என் தம்பி உங்க பொறுப்பு" என்று மனைவி அன்றே சொல்லிவிட்டாள்.

மதியம் மெஷின் ஒரு சுற்றை முடித்தது. அழுத்தம் காட்டும் முள் பூஜ்யத்தில் நின்றது. அந்த முள்ளை நம்பினால் குடி முழுகிப்போகும். ஒரு தடவை உள்ளே ஆவி இருக்கும்போதே முள் பூஜ்யத்தில் வந்து சிக்கிக்கொண்டிருக்கிறது. அதனால் இவர் கதவோரம் குனிந்து கேட்டு, 'உஸ்' சத்தம் இல்லையென்றால் தலையாட்டுவார். பிறகுதான் காதுமூடி போட்ட மச்சினன் கதவைத் திறக்கும் சக்கரத்தைத் திருப்புவான்.

"டாக்டர் கத்துறாரு, சீக்கிரம்!" என்று ஆபரேஷன் தியேட்டர் ஆள் வாசலில் வந்து நின்றார்.

இவர் குனிந்தார். பம்பின் உறுமல் கேட்டது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. காலையில் ஹெட்ஃபோனுக்குள்ளும் இப்படித்தான் ஒன்றுமில்லாமல் இருந்தது. மச்சினன் சக்கரத்தைப் பிடித்தபடி, கதவுக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு இவரையே பார்த்தான். கல்யாணத்தன்று இவர் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு திரிந்த பொடியனின் அதே முகம். பழக்கதோஷத்தில் தலை ஆடப் பார்த்தது.

"தொடாத!" அவன் கையைப் பிடித்து இழுத்தார்.

அவன் காதுமூடியைக் கழற்றினான். "கசியுதா மாமா?"

"தெரியல மாப்ள. எனக்குக் கேக்கல. காலைல அந்தப் பொண்ணு விரலப் பாத்துத்தான் அழுத்துனேன்."

அவன் இவரை விலக்கிவிட்டுக் கதவருகே வந்தான். பிறகு தானே குனிந்து வெகுநேரம் கேட்டான். "சத்தமே இல்ல. ஆவி போயிடுச்சு."

இவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவன் முகத்தில் மட்டும் ரத்தமில்லை.

"எத்தன நாளா மாமா?"

"தெரியல மாப்ள." அதுதான் உண்மை.

"தினமும் நீங்க தலையாட்டுறத நம்பித்தானே மூஞ்சியக் கொண்டுபோய் நீட்டுனேன்?"

சக்கரத்தைத் திருப்பிக் கதவைத் திறந்தான். தட்டுகளை எடுத்துக்கொண்டு தியேட்டர் ஆள் ஓடினார். மச்சினன் தன் காதுமூடியை எடுத்து இவர் தலையில் மாட்டப் போனவன், ஒரு நொடி நிறுத்தினான்.

"முதல்ல மேல போங்க மாமா. இந்தத் தடவ கண்ண மூடிக்கிட்டு உக்காருங்க."