ஒட்டிக்கொண்ட தூக்குக்குண்டு

பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனால் என்ன பார்ப்பார்கள்? பெண்கள் அடுப்படிக்குள் தலையை நீட்டுவார்கள், குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பார்கள். ஆண்கள் மிக்சரைக் கொறித்துக்கொண்டே பட்டா யார் பேரில் இருக்கிறது என்று சுற்றி வளைத்துக் கேட்பார்கள். ஊர் உலக வழக்கம் அதுதான். கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ஞானமுத்து மேஸ்திரி என்று ஒரு மனுஷன் இருக்கிறாரே, அவர் மட்டும் போன இடத்தில் காப்பிக்கு முன்னால் வேட்டி மடியிலிருந்து தூக்குக்குண்டை எடுப்பார்.

சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்க, நூலில் கட்டித் தொங்கவிடும் இரும்புக் குண்டுதான் அது. நூலின் மேல்முனையில் குண்டின் அகலத்துக்கே ஒரு கட்டை இருக்கும். கட்டையைச் சுவரின் உச்சியில் ஒட்டிப் பிடித்துக் குண்டை இறக்கினால், அது கீழே சுவரைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். விலகி நின்றால் சுவர் முன்பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். சாய்ந்த சுவருள்ள வீட்டுக்கு மேஸ்திரி பெண் கொடுக்க மாட்டார். சுவரே நேராக நிற்காத வீட்டில் மனுஷன் எப்படி நேராக நிற்பான் என்பது அவர் கட்சி.

அவர் மகள் அமலிக்கு வந்த பாச்சலூர் மாப்பிள்ளை அப்படித்தான் போனான். வடகவுஞ்சி மாப்பிள்ளையும் அப்படியே போனான். அமலிக்கு அதில் ஒரு பொட்டு வருத்தம் கிடையாது. பாச்சலூர்க்காரன் பேசிய பேச்செல்லாம் தன் பெருமை. வடகவுஞ்சிக்காரன் செல்போனிலிருந்து தலையையே தூக்கவில்லை. குண்டு நன்றாக இருக்கட்டும் என்று மனசுக்குள் வாழ்த்திவிட்டு, வீட்டுக்கு வந்து இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள்.

மூன்றாவதாகக் கேட்டு வந்தது ராபின் வீட்டிலிருந்து. இங்கேதான் வந்தது வினை.

வட்டக்கானலில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் அமலி ரிசப்ஷன் பார்க்கிறாள், ராபின் அங்கே ரொட்டியும் கேக்கும் போடுகிறான். இரண்டு வருஷமாக அவன் கேக் விளிம்புகளை வெட்டித் தட்டில் வைத்து அனுப்ப, இவள் தின்று தின்று மனசைப் பறிகொடுத்திருந்தாள். ராபின் வீடு கெஸ்ட் ஹவுஸுக்குக் கீழே, சரிவில். அவனுடைய அப்பா உயிரோடு இருந்தபோது தன் கையாலேயே கட்டியது. அவர் கொத்தனார் இல்லை, தோட்டக்காரர். அமலி ஒருநாள் அப்பாவுக்குத் தெரியாமல் குண்டை எடுத்துப்போய் வாசல் சுவரில் இறக்கிப் பார்த்தாள். குண்டு இரண்டு விரல்கடை தள்ளி நின்றது.

இடித்துக் கட்ட நாளும் இல்லை, காசும் இல்லை. அப்பாவிடம் நேரே போய் எனக்கு இவனைத்தான் பிடித்திருக்கிறது என்று சொல்லலாம். அதை நினைத்தாலே அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஆனால் மேஸ்திரி மகளாயிற்றே, குறுக்குப் புத்திக்குக் குறைச்சலா? அப்பாவின் குண்டு இரும்பு. அவர் எந்த வீட்டுக்குப் போனாலும் வாசற்படிக்கு வலதுபுறம்தான் அதை இறக்குவார். இந்த இரண்டும் போதாதா?

ராபின் கோயிலில் தூக்கிப்போட்ட பழைய ஒலிபெருக்கியிலிருந்து ஒரு காந்தத்தைக் கழற்றி வந்தான். தோசைக்கல் கனம் கனத்தது. அவன் அம்மா லூர்தம்மாள் உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருந்த நாளில், வாசலுக்கு வலதுபுறம், முழங்கால் உயரத்தில் சுவரைக் குடைந்து உள்ளே வைத்து, மெல்லிசாகச் சிமெண்டு பூசி வெள்ளையடித்தார்கள். குண்டை இறக்கிப் பார்த்தால், டக்கென்று சுவரோடு ஒட்டிக்கொண்டது. இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ஈரம் கசிந்த இடத்தைப் பூசினோம் என்று லூர்தம்மாளிடம் சொன்னார்கள். பாவம், அவரும் நம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜீப்பில் போனார்கள். மேஸ்திரி, அவர் மனைவி, அமலி, தாய்மாமன் சூசை. வாழப்போகிறவள் நான்தானே என்று முந்தைய இரண்டு தடவை போலவே அடம்பிடித்து அமலியும் ஏறிக்கொண்டாள். சூசை ஹார்டுவேர் கடைக்காரர். அமலியைத் தன் மகனுக்கே எடுக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அதனால் இந்தச் சம்பந்தம் முறிந்தால் பூண்டி மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றவும் தயாராக வந்திருந்தார்.

மேஸ்திரி ஸ்டூல் மேல் ஏறினார், கட்டையை வைத்தார், குண்டை விட்டார். டக்.

அன்றைக்கென்று பள்ளத்தாக்கிலிருந்து பேய்க்காற்று. அமலியின் அம்மா சேலை படபடத்தது, கொடியில் கிடந்த துண்டு பறந்தது, நூல்கூட வளைந்து வளைந்து ஆடியது. குண்டு மட்டும் அசையவில்லை. சண்டாளக் காற்றே, உனக்கு இன்றைக்குத்தானா வேளை கிடைத்தது என்று அமலி பல்லைக் கடித்தாள். மேஸ்திரி அந்த அசையாத குண்டைப் பார்த்தார். மகள் முகத்தைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"சொவரு நேரா இருக்கு" என்றார்.

அமலிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் அங்கே உட்காரக்கூட இல்லை, சூசை மாமா தன் ஜிப்பாப் பையிலிருந்து பளபளவென்று ஒரு குண்டை எடுத்தார். கடைக்குப் புதுச்சரக்கு, பித்தளை. நானும் ஒருதரம் பார்க்கிறேனே என்று அதே இடத்தில் இறக்கினார். பித்தளையைக் காந்தம் சீந்துமா? குண்டு இரண்டு விரல்கடை தள்ளி, காற்றுக்குச் சொகுசாக ஆடிக்கொண்டு நின்றது.

பிறகு கேட்க வேண்டுமா. உங்கள் குண்டு தேய்ந்துபோனது என்றார் சூசை. உன் குண்டு தராசுப் படிக்கல்லுக்குத்தான் லாயக்கு என்றார் மேஸ்திரி. ஒரே சுவருக்கு இரண்டு குண்டு இரண்டு நியாயம் சொன்னதை அந்த மலையில் அதுவரை யாரும் பார்த்ததில்லை. ராபினும் அமலியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்?

லூர்தம்மாளுக்குத்தான் பொறுக்கவில்லை. செத்துப்போன புருஷன் கட்டிய வீட்டை வாசலில் நின்று ஏலம் போடுகிறார்களே என்று முகம் சிவந்தது. விறுவிறுவென்று போய் முற்றத்து மரத்திலிருந்து ஒரு பேரிக்காயைப் பறித்து வந்தார்.

"ரெண்டும் உங்க வீட்டுக் குண்டுங்க. இது எங்க வீட்டுக் குண்டு. இதப் போட்டுப் பாருங்கண்ணே" என்றார்.

மேஸ்திரி அதன் காம்பில் வேறொரு நூலைக் கட்டி இறக்கினார். பேரிக்காய்க்கு என்ன வஞ்சகம் தெரியும்? கனமாக, அடக்கமாக, சுவரை விட்டு இரண்டு விரல்கடை தள்ளி நின்றது. லூர்தம்மாள் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்ததும் அமலிக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது. விளையாட்டென்று நினைத்துச் செய்தது இப்படி ஒரு மனுஷியை வாசலில் நிறுத்தி அவமானப்படுத்திவிட்டதே.

சூசை மாமா சிரித்தார். அப்படிச் சிரித்திருக்க வேண்டாம். மேஸ்திரி இரும்புக் குண்டை எடுத்துச் சுவருக்கு அருகே ஆட்டினார், அது எல்லோர் கண்முன்னாலும் பாய்ந்து போய் ஒட்டியது. விரல்முட்டியால் அந்த இடத்தைத் தட்டினார். புதுப்பூச்சு, வெள்ளை இன்னும் விரலில் ஒட்டுகிறது.

"இது யார் வேல?"

"நான்தான்" என்றார்கள் ராபினும் அமலியும் ஒரே நேரத்தில்.

இனி என்ன இருக்கிறது, ஜீப்பை எடுக்கச் சொல்லுங்கள் என்றார் சூசை. அவர் பாதி படி இறங்கியும்விட்டார். மேஸ்திரி நகரவில்லை. குண்டைப் பிய்த்தெடுத்து நூலைச் சாவகாசமாகச் சுற்றினார்.

"சாஞ்ச சொவருன்னு ஜீப்ப விட்டு எறங்கையிலயே தெரியும் சூசை. முப்பது வருசமா இதான என் சோலி. தெரிஞ்சுதான் நேரா இருக்குன்னு சொன்னேன்."

"அப்ப பொய் சொன்னீங்களா மச்சான்?"

"ஆமா. போன வருசம் வடகவுஞ்சியிலயும் பொய்தான் சொன்னேன். அந்த வீட்டுச் சொவரு அப்புடி ஒரு நேரு. எம் மக மொகம் அன்னைக்குச் சுண்டிப்போய்க் கெடந்துச்சு, அதான் சாஞ்சிருக்குன்னேன். நேரான சொவத்தச் சாஞ்சதுன்னு சொன்னப்ப ஒருத்தரும் ரெண்டாவது குண்டு போடல. இன்னைக்கு மட்டும் எதுக்குப் போடுற?"

சூசை மாமா பித்தளைக் குண்டை ஜிப்பாப் பைக்குள் திரும்பப் போட்டுக்கொண்டார். மேஸ்திரி அவரை விட்டுவிட்டு லூர்தம்மாளிடம் போனார். உங்கள் வீட்டுக்காரர் அஸ்திவாரத்தை நன்றாகத்தான் போட்டிருக்கிறார், சரிவு மண் தள்ளித்தான் சுவர் சாய்ந்திருக்கிறது, கல்யாணத்துக்குள் நானே பிரித்துக் கட்டித் தருகிறேன் என்றார். சித்தாள் கூலிக்கு வெளியே ஆள் தேட வேண்டாம், காந்தம் வைத்த நான்கு கைகள் இருக்கின்றன என்றும் சேர்த்துக்கொண்டார். லூர்தம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு காப்பி போடப் போனார்.

அமலி அப்பா பக்கத்தில் போய் நின்றாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது, அழுகையும் வந்தது.

"எம் மனசு தெரிஞ்சிருந்தும் ஏன்ப்பா ஒரு வார்த்த கேக்கல?"

"நீ எங்க சொன்ன? வாயத் தொறந்து அப்பா இவனப் புடிச்சிருக்குன்னு சொல்றதுக்கு, சொவத்தக் குடையிறது ஒனக்கு லேசாப் போச்சு."

அமலி அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, இரண்டு வருஷமாகச் சொல்லாததை அப்போதுதான் சொன்னாள்.