சுபாங்கனின் லோர்ட்

பெட்டி வைத்திருந்த மண்டபத்துக்குள் சிறிதரன் ஒரு பாதிரியாரைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு வந்ததும், நோபல் பார்க் ஊர்த் தமிழ்ச் சனம் மொத்தமும் ஒரே நேரத்தில் கழுத்தைத் திருப்பியது. கேரம் டவுன்ஸ் கோயிலில் இருபது வருடம் தேர்வடம் பிடித்த மனுசன்! ஐயரை ஏன் இன்னும் காணவில்லை என்று குசுகுசுத்தவர்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

மகள் தர்ஷனா எழுந்து ஓடினாள். பரமட்டா வீட்டிலிருந்து அன்று காலைதான் விமானத்தில் வந்திருந்தாள். பெட்டிக்குள் தம்பி சுபாங்கன். முப்பத்தொரு வயது. ரயிலில் இருந்தபடியே இதயம் நின்றுபோனவன்.

"அப்பா, ஆர் இவர்?"

"பாஸ்டர். தம்பி கிறிஸ்தவ வேதத்துக்கு மாறினவன் எல்லே. உனக்கும் மறைச்சுப்போட்டான் போல."

"ஆர் சொன்னது?"

"அவன்தான். மூண்டு வருசத்துக்கு முன்னம் எஞ்சினியர் வேலையை விட்டிட்டு வந்து நிண்டு, 'இனி லோர்டோடதான் அப்பா என்ர சீவியம்' எண்டான். ரெஸ்டோரேசன் எண்டு ஏதோ சபை. அண்டைக்குக் கதவைச் சாத்தினனான்."

பின்வரிசைக் கதிரையில் யோகா அன்ரி பக்கத்தில் இருந்தவரை இடித்தார். "நான் அப்பவே சொன்னனான். சேர்ச் வாசல்லை என்ர கண்ணாலை கண்டனான்." அன்ரி கண்ணாடி மாற்றி ஏழு வருடம். அதையெல்லாம் எங்கள் பக்கத்தில் யார் கேட்கிறார்கள்?

தர்ஷனா பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

அந்த லோர்டை அவளுக்குத் தெரியும்; கர்த்தரில்லை. தலை வெட்டப்பட்ட ராசாவின் மகன் திரும்பி வந்து முடிசூடிய காலத்து இங்கிலாந்தில், புது ராசாவை எதிர்த்துப் பேசி, கூட்டாளிகள் கைவிட, இருபத்தாறு வயதில் சிறையில் செத்துப்போன பிரபு. ரெஸ்டோரேசன் என்பது அந்தக் காலத்துக்குப் பெயர். வேலையை விட்டு யூனிவர்சிட்டிக்குத் திரும்பிப்போய் சுபாங்கன் ஆராய்ந்தது அவனைத்தான். போன் எடுத்தால் அந்தப் பிரபுவின் கதையாகவே இருக்கும். "அக்கா, சிறைக்குள்ளை கிடக்கேக்கை அவன்ர தகப்பன் ஒரு கடிதம் போடேல்லை, தெரியுமோ?"

வேலையை விட்ட கோபத்தில்தான் அப்பா பேசுவதில்லை என்று தம்பி நம்பினான். அவளும் நம்பினாள். ஒருவரும் வாய் திறந்து கேட்கவில்லை.

"பிழை விட்டிட்டன் பிள்ளை," என்றார் சிறிதரன். திருநீறில்லாத அவர் நெற்றியை அவள் முதல்தடவையாகப் பார்த்தாள். "அவன்ர சாமி அவனுக்கு. கடைசியிலையெண்டாலும் அவன்ர விருப்பப்படி நடக்கட்டும். நான் செய்யிறது சரிதானே? சொல்லு."

உண்மையைச் சொல்ல அரை நிமிடம் போதும். அதற்குப் பிறகு அந்த மூன்று வருடங்களோடு அவர் இருக்க வேண்டும், தனியாக, அந்த வீட்டில்.

"ஓம் அப்பா," என்றாள். "சரிதான்."

பாஸ்டர் நல்ல மனிதர். தணிந்த குரலில் ஜெபத்தைத் தொடங்கினார். சனம் கால் மாற்றி நின்றது. எவர் வாயிலும் ஆமென் வரவில்லை.

சிறிதரன் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே கூப்பினார். பாஸ்டரைப் பார்த்துவிட்டு அவசரமாக நெஞ்சுக்கு இறக்கினார். விரல்களைக் கோத்தார், ஒன்று மிஞ்சி வெளியே நின்றது.

"இப்பிடியோ?" என்று மகளிடம் மெல்லக் கேட்டார்.

தர்ஷனா அந்த விரல்களைப் பிரித்து, ஒவ்வொன்றாகத் திரும்பக் கோத்துவிட்டாள்.