மாமா நின்றதை அக்கா பார்க்கவில்லை

என் அக்காவின் கணவர் பல் டாக்டர். அடுத்தவர் வாயைத் திறந்து வைத்துவிட்டுத் தான் மட்டும் பேசிக்கொண்டே இருப்பது அவர் தொழில். வீட்டிலும் அதே பழக்கம்தான். ஒரு வருடமாக அவர் பேசியதெல்லாம் அலைச்சறுக்கு, அதாவது பலகை மேல் நின்று அலையில் சறுக்கிவரும் சர்ஃபிங். சோபாவில் சாய்ந்து வீடியோ பார்த்தே கடலைக் கரைத்துக் குடித்துவிட்டார். குப்புறப் படுத்துத் துள்ளி எழும் பயிற்சியில் கட்டிலின் ஒரு கால் உயிர்த்தியாகம் செய்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுப் பலகையைக் கார் கூரையில் கட்டி, அக்காவையும் என்னையும் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போனார். சரித்திரம் நிகழும்போது சாட்சி வேண்டாமா?

அன்று பார்த்துக் கடலிலிருந்து கரையை நோக்கிப் பேய்க்காற்று. கயிற்றை அவிழ்த்ததும் பலகை மாமாவையும் இழுத்துக்கொண்டு கார்களுக்கு நடுவே ஒரு சுற்றுச் சுற்றியது. அலைச்சறுக்குச் சொல்லிக்கொடுக்கும் பெண் ஓடிவந்து பிடித்துக் கொடுத்தாள்.

"இன்னிக்கு வேணாம் சார். காத்துல அலை தாறுமாறா உடையுது. ரொம்ப ஆசையா இருந்தா இடுப்பளவு தண்ணியைத் தாண்டாதீங்க."

மாமா அவளுக்குக் காற்றைப் பற்றி வகுப்பெடுத்தார். அவள் பதில் பேசாமல் கேட்டுக்கொண்டாள். பல்வலியாக இருந்திருக்கலாம்.

இறங்கினார். முதல் அலை மூக்கில் குத்தியது. அடுத்தது பலகையைப் பிடுங்கி, அதைக் கொண்டே அவர் தலையில் தட்டியது. போதாக்குறைக்குப் பக்கவாட்டில் நீரின் இழுப்பு. அவர் முன்னேறுவதாக நினைத்துக் கைகளால் தண்ணீரைத் தள்ளத் தள்ள, கடல் அவரைக் கரையோரமாகவே நகர்த்திக்கொண்டு போனது. துண்டையும் செருப்பையும் சுமந்தபடி நாங்களும் மணலில் கூடவே நடந்தோம்.

"போதும், வெளிய வாங்க!" என்று அக்கா கத்தினாள். காற்று அந்தச் சத்தத்தைத் தூக்கி எங்கள் முதுகுக்குப் பின்னால் போட்டது. மாமா பெருமையாகக் கையசைத்தார். பாராட்டு என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

அப்போதுதான் அது நடந்தது. அத்தனை கலவரத்துக்கு நடுவே ஒரே ஒரு அலை, பெரியது என்று சொல்ல முடியாது, உடையாமல் முழுசாக வந்தது. மாமா முழங்காலில் எழுந்தார். அப்புறம் தொப்பையை எக்கி, கைகளை விரித்து, நின்றே விட்டார். அலை மணலில் கரையும் வரை நின்றார். என்னையும் அறியாமல் "மாமா!" என்று கூவினேன்.

அக்கா அந்த நேரம் பார்த்துத் துண்டால் முகத்தை மூடி, கண்ணில் விழுந்த மண்ணை எடுத்துக்கொண்டிருந்தாள்.

உதடு வீங்கி, நொண்டிக்கொண்டு மாமா வந்தார். "பாத்தியா?"

"எதை?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் கண்ணில் வகுப்பெடுக்கிற டாக்டர் இல்லை.

"நின்னாருக்கா. நிஜமாவே நின்னாரு."

"வாயை மூடு," என்றாள் அக்கா. "பாவம், மனுஷன் அடிபட்டு வந்திருக்காரு. கிண்டலுக்கும் ஒரு அளவு இருக்கு."

"சத்தியமாக்கா!"

"இதுல பொய்ச் சத்தியம் வேற."

வாழ்க்கையில் முதல்முறையாக அவரைப் பற்றி நல்லதாக ஒன்று சொன்னேன். அதற்குக் கிடைத்த மரியாதை இது.

வீடு திரும்பும் வழியெல்லாம் மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. சிக்னலில் வண்டி நின்றபோது, வீங்கிய உதட்டோடு தன்பாட்டுக்குச் சிரித்துக்கொண்டார். காய்ச்சலோ என்று அக்கா அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.